கிரேக்கத் தீவில் ஒரு வாரம், அவசரமே இல்லாமல்: எந்தத் தீவு?

#1 கிரி_சேப்பாக்கம்

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் மூன்றாவது வாரம் குடும்பத்தோடு கிரீஸ் போகிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகன், அம்மா. அம்மாவுக்கு 68 வயது. சுத்த சைவம், முட்டை வாசனையே ஆகாது. நாலு படி ஏறினால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

சென்னையிலிருந்து வளைகுடா வழியாக ஏதென்ஸுக்கு டிக்கெட் போட்டாயிற்று. கையில் எட்டு இரவு. திட்டம் இதுதான்: ஏதென்ஸ் 1, மிக்கோனோஸ் 2, நக்சோஸ் 2, சாண்டோரினி 2, திரும்ப ஏதென்ஸ் 1.

ஆபீஸில் ரொம்ப நாளாக உருப்படியாக லீவு எடுக்கவில்லை. கால் நீட்டி உட்கார்ந்துவிட்டு வரவேண்டும் என்பதுதான் முதல் நோக்கம். திட்டத்தில் ஓட்டை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

#2 நெய்தல்

கால் நீட்டி உட்காரவேண்டும் என்று எழுதிவிட்டு அஞ்சு தடவை பெட்டி கட்டப் போகிறீர்களே கிரி!

மிக்கோனோஸிலிருந்து நக்சோஸுக்குப் படகில் ஒரு மணி நேரம் போல்தான். காகிதத்தில் பார்த்தால் பக்கத்துத் தெரு. நடப்பதைச் சொல்கிறேன். காலை பதினொன்றுக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். படகு இரண்டு மணிக்கு இருக்கும். நடுவில் மூன்று மணி நேரம் பெட்டிகளைக் காவல் காத்துக்கொண்டு துறைமுகக் காபிக்கடையில் உட்காரவேண்டும். படகு முக்கால் மணி நேரம் தாமதம். இறங்கி, டாக்சி தேடி, புது அறையில் பையன் சார்ஜரைத் தேடி முடிப்பதற்குள் இருட்டிவிடும். தீவு மாறும் நாள் ஒவ்வொன்றையும் விடுமுறைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். உங்கள் திட்டத்தில் மிஞ்சுவது மூன்று முழு நாள்.

ஒரே தீவு. வந்து இறங்கும் இரவும் கிளம்பும் முந்தைய இரவும் ஏதென்ஸ், நடுவில் ஆறு இரவும் நக்சோஸ். உங்கள் பட்டியலில் மூத்தவர், சிறியவர் இரண்டு பேருக்கும் ஒத்து வருவது அதுதான்.

#3 பரமக்குடி_பயணி

வந்துட்டாங்கய்யா, "ஒரே தீவில் இரு" கோஷ்டி! ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். சாண்டோரினியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து நாலு பேர் விசா எடுத்து, பெரியவர்களுக்கு ஆளுக்கு 90 யூரோ கட்டணம் கட்டி, கம்பெனியில் கடிதம் வாங்கி, பேங்க் ஸ்டேட்மெண்ட் அடுக்கிப் போகிறார்கள். திரும்பி வந்தால் மாமா, சித்தப்பா எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "அந்த நீலக் கூரை வெள்ளை வீடு பார்த்தியா?" என்பதுதான். இல்லை என்றா சொல்வது?

கிரி, மிக்கோனோஸை வெட்டுங்கள். அது இரவு விருந்துக் கூட்டத்துக்கான இடம், விலையும் யானை விலை. சாண்டோரினியை வெட்டாதீர்கள்.

#4 வல்வை_லண்டன்

நாங்கள் ரெண்டு தீவும் பாத்தனாங்கள். லண்டனில இருந்து சாண்டோரினிக்கு நேர விமானம் இருக்கிறபடியா அங்க இறங்கி, பிறகு கப்பலில நக்சோஸ் போனது.

சாண்டோரினி வடிவுதான், இல்லையெண்டு சொல்லேலாது. எரிமலை வெடிச்சுக் கடலுக்குள்ள இறங்கின கிடங்கின்ர விளிம்பில ஊர் தொங்கிக்கொண்டு நிக்குது. ஆனா கிரி தம்பி, அம்மாவின்ர முழங்காலை யோசியுங்கோ. ஓயா எண்ட ஊர் முழுக்கப் படிதான். வடிவான அறையள் எல்லாம் பாறைச் சரிவில இருக்கு, போக இருபது படி இறங்கோணும், சாப்பாட்டுக்கு மறுபடி இருபது படி ஏறோணும். பழைய துறைமுகத்தில இருந்து தீவின்ர தலைநகர் ஃபிராவுக்கு ஏற 580க்கு மேல படி. கேபிள் கார் இருக்கு, ஆனா பெரிய சுற்றுலாக் கப்பல் வந்து நிண்டா வரிசையில காய வேண்டியதுதான். கப்பலில வாற சனத்துக்கு ஒரு நாளைக்கு 8,000 பேர் எண்டு வரம்பு வைக்கிற நிலைமைக்கு வந்திட்டுது எண்டா பாருங்கோ.

பின்னேரம் ஓயாவில சூரியன் மறையுறதைப் பாக்க நாங்கள் போய் நிண்டம். முன்னுக்கு நிண்டவரின்ர ஃபோனுக்குள்ளாலதான் சூரியனைப் பாத்தது.

இன்னொண்டு, அங்க கடற்கரை கறுப்புக் கல்லும் எரிமலை மணலும். வெய்யிலுக்குக் கால் சுடும். நக்சோஸில அகியோஸ் கியோர்கியோஸ் எண்ட கடற்கரை ஊருக்குப் பக்கத்திலயே இருக்கு. கனதூரம் நடந்தாலும் தண்ணி இடுப்புக்கு மேல வராது. எங்கட சின்னவள் அதுக்குள்ளயேதான் கிடந்தவள்.

#5 ஓய்வூதியன்

அன்பர் கிரி அவர்களுக்கு, கிரீட் தீவை யாருமே சொல்லவில்லையே! ஐரோப்பாவின் முதல் நாகரிகம் என்று சொல்லப்படும் மினோவர்களின் கினோசோஸ் அரண்மனை அங்கேதான் உள்ளது. இன்றுவரை யாரும் படித்து முடிக்காத எழுத்துகள் சுழன்று செல்லும் ஃபைஸ்டோஸ் களிமண் வட்டு ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிந்துவெளி முத்திரைகளைப் பற்றி வாய் ஓயாமல் பேசும் நம் மக்கள் அதன் முன்னால் ஒரு கால் மணி நேரம் நிற்க வேண்டாமா?

#6 நெய்தல்

ஐயா, கிரீட்டைப் பற்றி நீங்கள் சொன்ன அத்தனையும் சரி. ஆனால் அது தீவு என்பது பெயருக்குத்தான். கிழக்கிலிருந்து மேற்கே 260 கிலோமீட்டர், பரப்பு 8,300 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஹெராக்லியோனில் இறங்கி, "சானியா அழகாமே, போய்விட்டு வருவோம்" என்றால் அங்கேயே ஒரு நாள் காரில் போய்விடும். பழைய சரித்திரம் பிடித்தவர்கள் கிரீட்டுக்குத் தனியாக ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் ஒதுக்கட்டும். ஒரு பாட்டியையும் பையனையும் வைத்துக்கொண்டு ஆறு இரவில் கிரீட் என்றால் மறுபடி ஓட்டம்தான்.

நக்சோஸ் 430 சதுர கிலோமீட்டர் போல. மிக்கோனோஸ், சாண்டோரினி எல்லாம் சேர்ந்த சைக்ளேட்ஸ் தீவுக்கூட்டத்திலேயே பெரியது. தீவின் எந்த மூலைக்குப் போனாலும் ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

#7 கிரி_சேப்பாக்கம்

அடேயப்பா. மிக்கோனோஸை வெட்டியாச்சு. மனைவி #4ஐப் படித்துவிட்டு "அத்தையைப் படி ஏற வைக்கப் போறீங்களா?" என்று ஒரே பிடி. சாண்டோரினியும் ஊசலாடுகிறது. நக்சோஸே என்று வைத்துக்கொண்டால்:

அம்மா ஆறு நாள் என்ன சாப்பிடுவார்? கார் எடுக்கவேண்டுமா, பஸ் போதுமா? செப்டம்பரில் காற்று பலமாக அடிக்கும், கப்பலே போகாது என்று ஒருவர் பயமுறுத்துகிறார், நிஜமா? ஊருக்குள் தங்குவதா, கடற்கரையிலா?

#8 அகிலா_திருவையாறு

கிரி தம்பி, சாப்பாட்டுக் கேள்விக்கு நான் வருகிறேன். நானும் முட்டை சேர்க்காத ஆள். கல்யாணமாகி ஐரோப்பாவுக்கு வந்ததிலிருந்து நான் கவலையில்லாமல் சாப்பிட்டு வந்த நாடு கிரீஸ்தான்.

காரணம் அவர்கள் விரதம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் ஏதாவது ஒரு நோன்பு வரும். இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. அதனால் காய்கறியையும் பருப்பையும் ஆலிவ் எண்ணெயில் சமைக்கும் கை அந்த ஊர்ப் பாட்டிகளுக்கு உண்டு. தவெர்னாவில், அதாவது அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கடையில், உட்கார்ந்ததும் "நிஸ்டிசிமோ (நோன்புச் சாப்பாடு) என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். ஆனால் ஒரு சங்கடம்: கணவாய், ஆக்டோபஸ், இறால் எல்லாம் அவர்கள் நோன்புக்கு ஆகும்! ரத்தமில்லாத பிராணி என்று கணக்கு. ஆகவே "கடல் பிராணியும் வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லவேண்டும்.

அம்மாவுக்கு ஏற்றவை: ஃபாவா, அதாவது மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்து மசித்து, மேலே பச்சை வெங்காயமும் எலுமிச்சையும் எண்ணெயும் விட்டுத் தருவது. கிகாந்தெஸ், பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியில் போட்டு அடுப்பில் சுட்டது. ஹோர்டா, வேகவைத்த கீரை. பிரியாம், கத்தரிக்காய், சுரைக்காய் மாதிரியான காய், உருளை எல்லாம் சேர்த்து ஓவனில் சுட்டது. கெமிஸ்டா என்று தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் உள்ளே அரிசி அடைத்துத் தருவார்கள். அதில் கொத்துக்கறி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், இரண்டு விதமாகவும் செய்வார்கள்.

ஏமாற்றும் பண்டங்கள்: சுரைக்காய் வடை மாதிரி ஒன்று வரும், கொலோகிதோகெஃப்தேதெஸ். பார்க்கச் சைவம், பெரும்பாலும் முட்டை இருக்கும். கீரைப் பை, சீஸ் பை இரண்டிலும் முட்டை சேர்ப்பவர்கள் உண்டு. திராட்சை இலையில் அரிசி சுற்றித் தருவதற்கு மேலே மஞ்சளாக ஒரு சாறு ஊற்றியிருந்தால் அது முட்டையும் எலுமிச்சையும் அடித்தது. அம்மா ரொம்பக் கெடுபிடியானவர் என்றால் சீஸையும் யோசியுங்கள். நக்சோஸின் கிராவியேரா சீஸ் பேர் போனது, ஆனால் இந்த மாதிரிப் பாரம்பரியச் சீஸ்களுக்குப் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறை போடுவது வழக்கம்.

பையனுக்குக் கவலையே இல்லை. நக்சோஸ் உருளைக்கிழங்கு கிரீஸ் முழுக்கப் பிரசித்தம். பெரிது பெரிதாக நறுக்கி ஆலிவ் எண்ணெயில் பொரித்து, மேலே சீஸ் துருவித் தருவார்கள். ஆறு நாளும் அதையே தின்றுவிட்டு வருவான் பாருங்கள். காலையில் கெட்டித் தயிரும் தேனும்.

சமையல் மேடை உள்ள அறையாகப் பாருங்கள், "ஸ்டுடியோ" என்று போட்டிருக்கும். அரிசியும் குக்கரும் அங்கேயே சமாளிக்கலாம். ரசப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துப் போங்கள். நெய்யும் பால் பவுடரும் வேண்டாம், வெளிநாட்டிலிருந்து பால் பண்டம், இறைச்சி கொண்டுவர ஐரோப்பிய யூனியனில் தடை. பச்சைக் கறிவேப்பிலைக் கொத்தும் சுங்கத்தில் போய்விடும்.

#9 பரமக்குடி_பயணி

கிரேக்கத் தீவுக்குப் போய் ரசம் வைத்துச் சாப்பிடுவதா! சரி, அம்மாவுக்காக மன்னிக்கிறேன்.

#10 அகிலா_திருவையாறு

ராத்திரி ஒன்பது மணிக்கு முன்னால் அங்கே தவெர்னா களைகட்டாது தம்பி. அம்மா மாதிரி ஏழரைக்குச் சாப்பிட்டுப் படுக்கிறவர்களுக்கு ஒரு டம்ளர் ரசம் கையிலிருப்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.

#11 கடலோடி_மகன்

காற்றைப் பற்றி. அதன் பெயர் மெல்டெமி. வடக்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று. ஜூலை, ஆகஸ்டில்தான் உச்சம். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, வெயில் பளீரென்று அடிக்கும், கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாகக் கொதிக்கும். செப்டம்பர் போகப் போகத் தணியும். நீங்கள் போகும் சமயம் கூட்டமும் குறைந்திருக்கும், கோடை முழுக்கச் சூடேறிய கடலும் இதமாக இருக்கும். என்னைக் கேட்டால் வருஷத்திலேயே நல்ல வாரங்கள் அவைதான். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி யாராவது போவதாக இருந்தால் மறுபடி யோசிக்கட்டும். மாதா திருநாளுக்கு கிரீஸே தீவுகளுக்குக் கிளம்பிவிடும்.

காற்று ஒரு அளவைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் கப்பலை விடமாட்டார்கள். முதலில் நிற்பது சின்ன வேகப்படகுகள். பெரிய கார் கப்பல்கள் அவற்றைவிடத் தாக்குப்பிடிக்கும். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நக்சோஸுக்கு பெரிய கப்பலில் ஐந்து, ஐந்தரை மணி நேரம், வேகப்படகில் மூன்றரை, நான்கு. நேரம் மிச்சம் என்று வேகப்படகைப் பிடிக்காதீர்கள். அதில் ஜன்னலை மூடி உட்கார வைத்துவிடுவார்கள், அலை எழுந்தால் வாந்திப் பை விநியோகம் நடக்கும். பெரிய கப்பலில் மேல் தளத்துக்குப் போய் நிற்கலாம், நடக்கலாம், பையன் ஓடலாம். விடுமுறை அங்கேயே தொடங்கிவிடும்.

விமானமும் உண்டு. நக்சோஸ் விமான ஓடுபாதை குட்டையானது, இறக்கை விசிறி வைத்த சின்ன விமானங்கள்தான் இறங்கும். ஏதென்ஸிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். அம்மாவுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது என்றால் பாருங்கள். இடம் சீக்கிரம் தீரும்.

எதில் போனாலும் ஒன்று மட்டும் கட்டாயம். சென்னைக்கு விமானம் ஏறும் நாளன்று காலையில் தீவிலிருந்து கிளம்பாதீர்கள். காற்று இல்லாவிட்டால் மாலுமிகள் வேலைநிறுத்தம் இருக்கும். கடைசி இரவு ஏதென்ஸ் என்று நெய்தல் சொன்னதைக் கல்வெட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

#12 வல்வை_லண்டன்

கார் பற்றி: நாங்கள் பிரிட்டிஷ் லைசன்ஸைக் காட்டி எடுத்தனாங்கள், வேற ஒண்டும் கேக்கேல்ல.

#13 நெய்தல்

அண்ணா, அது உங்களுக்கு. பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா லைசன்ஸ்காரர்களுக்கு கிரீஸ் விலக்கு கொடுத்திருக்கிறது. இந்திய லைசன்ஸுக்குப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி கட்டாயம். கிரி, கிளம்புவதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே வாங்கிவிடுங்கள், ஒரு வருஷம் செல்லும்.

ஆறு நாளும் கார் தேவையில்லை. ஹோரா, அதாவது தலைநகரான துறைமுக ஊர், அங்கிருந்து அகியோஸ் ப்ரோகோபியோஸ், அகியா அன்னா, பிளாகா என்று வரிசையாக மேற்குக் கரைக் கடற்கரைகளுக்கு கேடெல் என்ற பொதுப் பஸ் அடிக்கடி ஓடும். மலைக் கிராமங்களுக்கு நாளைக்குச் சில பஸ்கள்தான், ஞாயிறன்று இன்னும் கம்மி. ஆக, மலைக்குப் போகும் இரண்டு நாளுக்கு மட்டும் கார். ஆட்டோமேடிக் வேண்டுமென்றால் இப்போதே சொல்லி வையுங்கள், அங்கே பெரும்பாலும் கியர் வண்டி. வலது பக்கம் ஓட்டும் ஊர் என்பதை மனைவி பக்கத்திலிருந்து நினைவூட்டிக்கொண்டே வரட்டும். மண் சாலையில் இறங்கினால் டயருக்கும் அடிப்பாகத்துக்கும் காப்பீடு செல்லாது என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மலை வளைவுகளில் ஆட்டு மந்தைக்குத்தான் முன்னுரிமை!

#14 கடலோடி_மகன்

தங்கும் இடம்: ஹோராவின் பழைய பகுதி கொள்ளை அழகு. 1207 வாக்கில் தீவைப் பிடித்த வெனிஸ்காரர் மார்கோ சானுடோ கட்டிய கோட்டையைச் சுற்றி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி நிற்கவேண்டிய சந்துகள். ஆனால் எல்லாம் மேடு, படி, வழுக்கும் கல். பெட்டியை உருட்ட முடியாது. அம்மா இருப்பதால் அங்கே அறை எடுக்காதீர்கள், சாயங்காலம் கீழ்ச் சந்துகளில் மட்டும் உலாவிவிட்டு வாருங்கள்.

அகியா அன்னா அமைதி, காலையில் கதவைத் திறந்தால் மணல். ஆனால் ஹோராவிலிருந்து ஏழு கிலோமீட்டர் போல, எதற்கும் பஸ் பார்க்கவேண்டும்.

என் ஓட்டு அகியோஸ் கியோர்கியோஸ் பக்கம். சமதளம். கடற்கரையும் உண்டு, ஊருக்குப் பத்து, பதினைந்து நிமிஷ நடை. மருந்துக்கடை, சூப்பர் மார்க்கெட், பேக்கரி எல்லாம் கைக்கெட்டும் தூரம். "தரைத்தள அறை" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், சின்ன விடுதிகளில் லிஃப்ட் இருக்காது.

அறை வாடகைக்கு மேல் ஒரு வரி உண்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓட்டலின் நட்சத்திரத்தைப் பொறுத்து அறைக்கு ஓர் இரவுக்கு 2 யூரோவிலிருந்து 15 யூரோ வரை. பல இடங்களில் அங்கே போனபிறகுதான் வாங்குவார்கள். அப்புறம் கழிப்பறைக் காகிதத்தைக் கோப்பைக்குள் போடக்கூடாது, பக்கத்தில் உள்ள தொட்டியில்தான் போடவேண்டும். குழாய்கள் குறுகலானவை. பையனுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

#15 பரமக்குடி_பயணி

எல்லாம் சரி. ஆறு நாள் ஒரே மணலில் உட்கார்ந்து என்ன செய்வது? மூன்றாவது நாள் பையன் "அப்பா, வீட்டுக்குப் போலாம்" என்பான். நான் பந்தயம் கட்டுகிறேன்.

#16 வல்வை_லண்டன்

நீங்கள் மணலில இருக்கிற பிள்ளையளைப் பாத்ததில்லைப் போல!

எங்கட நாள் இப்பிடித்தான் போனது. காலமை எட்டு மணிக்குக் கடலுக்குள்ள, அப்ப சனமே இல்ல. பதினொண்டரைக்கு வெய்யில் ஏற வீட்ட. சாப்பாடு, பிறகு நித்திரை. அந்த ஊரே ரெண்டு மணியில இருந்து அஞ்சரை மட்டும் படுத்திடும், கடையள் பாதி பூட்டு, சத்தம் போட்டா பக்கத்து வீட்டு ஆச்சி யன்னலைத் திறந்து முறைப்பா. பிறகு கோப்பி. ஆறு மணிக்கு ஊர்ப்பக்கம் நடை. துறைமுகச் சுவரில இருந்து கப்பல் வாறதைப் பாக்கிறது. கப்பல் பின்பக்கமாத் திரும்பி, கரையைத் தொட முன்னமே பாலத்தை இறக்கி, சனமும் லொறியும் மோட்டச்சைக்கிளும் ஒண்டாக் குதிச்சு வெளிய வரும். என்ர மகள் அதுக்கெண்டே ஒவ்வொரு பின்னேரமும் என்னை இழுத்துக்கொண்டு போவாள்.

குடை, சாய்கதிரைக்குக் காசு குடுக்கத் தேவையில்ல. கிரீஸில கடற்கரை எல்லாம் பொதுச் சொத்து. கதிரை போட்டு முழு மணலையும் பிடிக்கிறாங்கள் எண்டு 2023இல பக்கத்துத் தீவு பாரோஸில சனம் துவாயைக் கொண்டுவந்து போராடினது, அது நக்சோஸுக்கும் பரவினது. இப்ப தண்ணிக்கரையில இருந்து நாலு மீற்றர் விடோணும் எண்டு சட்டம். நீங்கள் ஒரு குடையை அங்கயே கடையில வாங்கி, பிளாகாவில நட்டுப்போட்டு இருங்கோ. நாலு கிலோமீற்றர் நீளக் கடற்கரை, இடத்துக்குப் பஞ்சமில்ல.

#17 ஓய்வூதியன்

கிரீட்டை விட்டுக்கொடுத்துவிட்டேன். நக்சோஸிலேயே சரித்திரம் கொட்டிக் கிடக்கிறது, மலைக்குப் போகும் நாட்களுக்கு என் பங்கு இது.

துறைமுகத்தில் கப்பல் நுழையும்போதே ஒரு பளிங்கு வாசல் தனியாக நிற்பதைக் காண்பீர்கள். போர்டாரா என்பார்கள். கி.மு. 530 வாக்கில் லிக்டாமிஸ் என்ற கொடுங்கோலர் அப்போலோவுக்குக் கோயில் எடுக்கத் தொடங்கினார். ஆட்சி கவிழ்ந்தது, கோயில் முடியவே இல்லை. மிச்சக் கற்களைப் பிற்காலத்தார் கோட்டைக்குப் பெயர்த்துக்கொண்டார்கள். வாசல் மட்டும், ஒவ்வொரு கல்லும் இருபது டன் கனம் என்பதால், அசைக்க ஆளில்லாமல் தப்பித்தது. அதற்குப் போகும் கல்பாலத்தில் காற்று அடித்தால் அலை தெறிக்கும், பிறகு சற்று மேடு. தாயார் துறைமுகக் காபிக்கடையில் அமர்ந்தபடியே பார்க்கலாம், நன்றாகத் தெரியும்.

முதல் மலை நாள்: சாங்ரி ஊருக்கு அருகே டெமீட்டர் கோயில். விளைச்சலின் தேவதைக்கு வயல்களின் நடுவில் கட்டியிருக்கிறார்கள், பொருத்தமான இடம். கூரை ஓடுகள்கூடப் பளிங்கு. வெயில் மெல்ல ஊடுருவும்படி செதுக்கியவை. சிறிய கோயில்தான், கூட்டம் இல்லை. அங்கிருந்து ஹல்கி. அந்தக் கிராமத்தில் 1896 முதல் இயங்கும் வல்லிந்த்ராஸ் வடிசாலையில் கிட்ரோன் என்ற மது தயாராகிறது. எதிலிருந்து தெரியுமா? சிட்ரான் மரத்தின் இலையிலிருந்து. நம் வீட்டில் வேப்பிலைக்கட்டி இடிக்க நார்த்தை இலை பறிப்போமே, அந்த இனத்து மரம்! பச்சை, வெள்ளை, மஞ்சள் என மூன்று நிறம். பச்சை இனிப்பு, மஞ்சள் காரம். குடிக்காதவர்கள் அதே பழத்தைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த இனிப்பை வாங்கலாம். தாயார் கையில் ஓர் இலையைக் கசக்கி முகரக் கொடுங்கள்.

இரண்டாம் நாள்: அபிராந்தோஸ். தெருவெல்லாம் பளிங்குக் கல் பாவிய மலைக்கிராமம். 1941 மே 30 இரவு, ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் மேல் பறந்த நாஜிக் கொடியை நண்பர் அப்போஸ்தோலோஸ் சாந்தாஸுடன் ஏறிப் பிடுங்கினாரே மனோலிஸ் கிளெசோஸ், அவர் பிறந்த ஊர். அதைச் சுற்றிய மலைகளில் குருந்தக்கல் சுரங்கங்கள். நம் ஊரில் எமரித் தாள் என்று உரசுவோமே, அந்த எமரி. வெட்டிய கல்லை முட்சூனா துறைமுகத்துக்கு இறக்கிய கம்பிவடத் தூண்கள் துருப்பிடித்து இன்றும் சரிவுகளில் நிற்கின்றன. வடகோடியில் அப்போலோனாஸ். அங்கே பழைய கல்சுரங்கத்தில் பத்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஓர் ஆண் சிலை, செதுக்கி முடிக்கப்படாமல் மல்லாந்து கிடக்கிறது. தாடியும் தோளும் மங்கலாகத் தெரியும். பாறையில் விரிசல் கண்டதால் கைவிட்டார்கள் என்று கருதுகிறார்கள். சாலையிலிருந்து சில படிகள்தான், பேரனை ஓடவிட்டால் சிலையின் பாதத்திலிருந்து தலைவரை அளந்துவிட்டு வருவான்.

இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். 1,000 மீட்டர் உயர ஸாஸ் மலையில் ஏறச் சொல்லி யாராவது தூண்டினால், முழங்காலைக் காரணம் காட்டித் தப்பியுங்கள்.

#18 கிரி_சேப்பாக்கம்

ஐயா, அம்மா இதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நார்த்தை இலை என்றதும் "அப்ப அந்த ஊருக்கே போலாம்" என்று சொல்லிவிட்டார். முடிந்தது கதை.

முடிவான திட்டம்: ஏதென்ஸ் 1, நக்சோஸ் 6, ஏதென்ஸ் 1. அகியோஸ் கியோர்கியோஸில் சமையல் மேடையோடு தரைத்தள அறை கேட்டு எழுதியிருக்கிறேன். விசா கிடைக்கும்வரை ரத்து செய்யக்கூடிய அறையாகவே போட்டிருக்கிறேன். கார் மூன்றாவது நாளும் ஐந்தாவது நாளும். பெரிய கப்பல். ஒரு நாள் மட்டும் சாண்டோரினிக்குப் போய்விட்டு வரலாமா என்று ஒரு சபலம் இன்னும் இருக்கிறது, அது தப்பா?

#19 பரமக்குடி_பயணி

தப்பே இல்லை. நக்சோஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் படகு. காலையில் போய் ராத்திரி திரும்பலாம். நீங்களும் மனைவியும் மட்டும் போங்கள், பாட்டியும் பேரனும் மணலில் இருக்கட்டும். எல்லாருக்கும் லாபம்.

#20 நெய்தல்

பரமக்குடியாரோடு முதல் தடவையாக ஒத்துப்போகிறேன். ஆனால் இங்கிருந்தே டிக்கெட் போடாதீர்கள். அங்கே போய், காற்று எப்படி இருக்கிறது என்று பார்த்து, போகவேண்டும் என்ற ஆசை நாலாவது நாளும் மிச்சமிருந்தால் துறைமுகத்து ஏஜென்சியில் வாங்கிக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசியில் இடம் கிடைக்கும். எங்கள் வீட்டில் அந்த ஆசை நாலாவது நாள் வரை தங்கவில்லை.

#21 கிரி_சேப்பாக்கம்

கடைசிக் கேள்வி. பிரேயஸில் காலை ஏழரை வாக்கில் கப்பல். ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு நேராக மெட்ரோ இருக்கிறதாமே, முதல் இரவு பிரேயஸிலேயே தங்கிவிடவா?

#22 கடலோடி_மகன்

ஆமாம், மூன்றாம் எண் மெட்ரோ விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் வரை மாறாமல் வரும். ராத்திரி பிந்தி இறங்கினால் எக்ஸ்96 பஸ், அது இரவு முழுக்க உண்டு. பிரேயஸில் படுத்துக்கொள்வது நல்ல யோசனை. ஆனால் துறைமுகம் ரொம்பப் பெரியது, வாசலுக்கு வாசல் தூரம். உங்கள் கப்பல் எந்த வாசல் என்று டிக்கெட்டில் பார்த்து, அதற்குப் பக்கத்தில் அறை எடுங்கள். அம்மாவை நடக்கவிடாமல் டாக்சி வையுங்கள்.

கப்பலில் ஏறியதும் பெட்டிகளைக் கீழே வண்டி நிறுத்தும் தளத்திலேயே அடுக்கவேண்டும். தட்டுகளில் தீவின் பெயர் எழுதியிருக்கும், நக்சோஸ் தட்டில் வையுங்கள், பாரோஸில் வைத்தால் முன்னால் இறங்குகிறவர்கள் உருட்டிக்கொண்டு போய்விடலாம். மருந்து, பாஸ்போர்ட், அம்மாவின் சாப்பாடு கைப்பையில். பாரோஸ் கிளம்பியபிறகு முக்கால் மணி நேரம் போல்தான், நக்சோஸ் வந்துவிடும். அறிவிப்பு கேட்டதும் கீழே இறங்கிவிடுங்கள். கப்பல் சில நிமிஷம்தான் நிற்கும், அதன்பிறகு உங்களைச் சாண்டோரினியில்தான் இறக்கிவிடும்.

#23 பரமக்குடி_பயணி

கிரி, கீழே இறங்காதீங்க.